விமானிக்கும் சங்கம் வேண்டுமா?

மதுரைக்குத் தெற்கே, அவனியாபுரத்தைத் தாண்டிப் பெருங்குடி செல்லும் சாலையில் விடியற்காலையில் நின்று பார்த்தால் இரண்டு காட்சிகளைச் சேர்த்துக் காணலாம். வயல் வேலைக்குப் போகிறவர்கள் வரப்பில் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் தலைக்கு மேலே சென்னையிலிருந்து வரும் விமானம் தாழ்ந்து இறங்கும். கீழே நிற்பவர் நிமிர்ந்து பார்த்து, "அதை ஓட்டுகிறவனுக்கு என்ன குறை?" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அந்தக் கேள்வி இன்று நாட்டில் பல இடங்களில் வேறு தொனியில் கேட்கப்படுகிறது. மாதம் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் விமானிக்குக் குறை என்று ஒன்று உண்டா? உண்டென்றால், ஆலைத் தொழிலாளியைப் போலவும் பஸ் டிரைவரைப் போலவும் அவனும் சங்கம் சேர்த்துத்தான் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டுமா? சம்பளத்தின் அளவை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். சம்பளம் கணக்கிடப்படும் முறையைப் பார்ப்பவர்களுக்கு இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

சங்கம் மதுரைக்குப் புதிதல்ல

சங்கம் என்ற சொல்லுக்கு மதுரையில் பொருள் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் வளர்த்த சங்கம் ஒருபுறமிருக்க, தொழிலாளர் சங்கமும் இந்தச் சீமையில் மூத்ததுதான். 1908இல் தூத்துக்குடி கோரல் மில்லில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்நின்ற வேலைநிறுத்தம் கூலி உயர்வில் முடிந்தது. அந்த மில்லை நடத்திய ஹார்வி சகோதரர்களுடையதுதான் மதுரை மில்லும். 1918இல் மதுரை மில் தொழிலாளர் கிளர்ச்சியில் டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு பங்கு கொண்டார். அதே ஆண்டு ஏப்ரலில் சென்னையில் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது.

பஸ் தொழிலும் அப்படியே. டி.வி.எஸ். கம்பெனியின் பஸ்கள் ஓடிய மதுரையில் 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. அரசு பஸ் டிரைவர்களின் சம்பளம் இன்றும் சங்கங்கள் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திடும் ஒப்பந்தத்தினால்தான் நிர்ணயமாகிறது. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு சாலையில் போகிறவருக்குச் சங்கம் உண்டு. எழுபது எண்பது பேரை ஏற்றிக்கொண்டு ஆகாயத்தில் போகிறவருக்கு இருக்கக்கூடாது என்பதற்குக் காரணம் என்ன?

சம்பளம் பெரிது, கணக்கு வேறு

விமானியின் சம்பளத்தில் பெரும்பகுதி பறக்கும் மணியைப் பொறுத்தது. மாதத்திற்கு இத்தனை மணிக்குக் கட்டாயச் சம்பளம் என்று கம்பெனி ஒப்புக்கொள்ளும். அதற்கு மேல் பறந்தால் மணிக்கு இவ்வளவு என்று கூடும். சக்கரத்தின் கட்டையை எடுத்து விமானம் நகர்ந்தது முதல், இறங்கி நின்று மறுபடி கட்டை வைக்கும்வரை உள்ள நேரமே பறக்கும் நேரம். அதற்கு முன்னால் வந்து எரிபொருள், வானிலை, எடை ஆகியவற்றைச் சரிபார்க்கும் நேரமும், நடுவில் பிரயாணிகள் ஏறி இறங்கக் காத்திருக்கும் நேரமும் அந்தக் கணக்கில் சேருவதில்லை.

சிறு ஊர்களுக்குப் பறக்கும் விமானிக்கு இதனால் ஏற்படும் வித்தியாசத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். சென்னைக்கும் மதுரைக்கும் இடையே சிறிய விமானம் ஒரு நடைக்கு 1 மணி 15 நிமிஷம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் இரண்டு முறை வந்து திரும்பினால் 4 நடை, 5 மணி பறக்கும் நேரம். நடைகளுக்கு நடுவே மூன்று முறை அரை மணி காத்திருப்பு, முன்னால் ஒரு மணி, பின்னால் அரை மணி: ஆக 8 மணி வேலை. சம்பளக் கணக்கில் ஏறுவது 5 மணி. ஏறத்தாழ அதே பொழுதில் டில்லி போய்த் திரும்பும் விமானி இரண்டு தடவைதான் ஏறி இறங்குகிறார். இவர் நான்கு தடவை. ஏறுவதும் இறங்குவதும்தான் இந்தத் தொழிலில் கவனம் மிகுதியாக வேண்டிய வேளைகள். கம்பெனிக்குக் கம்பெனி விவரம் மாறலாம். ஆனால் சிற்றூர்ச் சேவையில் உழைப்புக்கும் ஊதியக் கணக்குக்கும் உள்ள இடைவெளி இயல்பாகவே அதிகம்.

இன்னொரு பாரம் கடன். 200 மணி பறந்து பயின்றால்தான் வர்த்தக விமானி லைசென்ஸ் கிடைக்கும். குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து அரைக் கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. நிலத்தையோ வீட்டையோ அடகு வைத்துப் பிள்ளையை விமானியாக்கிய குடும்பத்திற்கு முதல் சில ஆண்டுகளின் சம்பளம் வட்டிக்கும் தவணைக்குமே சரியாக இருக்கும். மேலும், நினைத்தபோது வேலையை விடவும் முடியாது. 2017இல் சர்க்காரின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதித்தபடி, கேப்டன் ஓராண்டும், துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். வேறெந்தத் தொழிலில் இவ்வளவு நீண்ட நோட்டீஸ் உண்டு?

பெரிய சம்பளம், நின்றுபோன சம்பளம்

பெரிய சம்பளம் என்பது கைக்கு வந்தால்தான் பெரிது. மதுரைக்காரர்களுக்குப் பாரமவுண்ட் ஏர்வேஸ் நினைவிருக்கும். மதுரை ஜவுளித் தொழில் குடும்பத்தினர் 2005இல் தொடங்கிய அந்தக் கம்பெனி எம்பிரேயர் விமானங்களைத் தென்னாட்டு நகரங்களுக்கிடையே ஓட்டியது. விமானங்களை வாடகைக்கு விட்டவர்களோடு வழக்கு மூண்டு, 2010இல் சேவை நின்றது. 2018 மார்ச்சில் சேலத்தைச் சென்னையோடு இணைத்த ட்ரூஜெட் 2022இல் நின்றுபோயிற்று.

பெரிய கம்பெனிகள் மட்டும் தப்பினவா? கிங்பிஷரில் ஏழு மாதச் சம்பளம் பாக்கி நின்ற நிலையில் விமானிகளும் பொறியாளர்களும் வேலைக்கு வர மறுத்தார்கள். 2012 அக்டோபரில் அதன் லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டது. ஜெட் ஏர்வேஸ் மாதக்கணக்கில் சம்பளம் தராமல் 2019 ஏப்ரல் 17ந் தேதி கடைசி விமானத்தை ஓட்டியது. 2024 நவம்பர் 7ந் தேதி அதைக் கலைத்துச் சொத்துக்களை விற்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2022 செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் சுமார் 80 விமானிகளை மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியது.

கம்பெனி கவிழ்ந்தால் யாருக்கு முதலில் பணம் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2016ஆம் ஆண்டு திவால் சட்டப்படி, கலைக்கப்படும் கம்பெனியில் 'தொழிலாளி' என்று கருதப்படுபவரின் 24 மாதப் பாக்கி, அடமானம் வைத்துக் கடன் கொடுத்தவர்களுக்குச் சமமான வரிசையில் நிற்கும். தொழிலாளி அல்லாத சிப்பந்திகளுக்கு அதற்குக் கீழ்ப்படியில், அதுவும் 12 மாதப் பாக்கிதான். ஆக, விமானி தொழிலாளியா, அதிகாரியா என்பது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. பணம் கைக்கு வருமா வராதா என்ற பிரச்சினை.

தொழிலாளியா, அதிகாரியா?

நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்வது இது: "விமானி ஓர் அதிகாரி. கேப்டன் என்பவர் விமானத்துக்கே தலைவர். அவருக்குச் சங்கம் எதற்கு?" 2022 ஜனவரியில் டாட்டா ஸ்தாபனம் ஏர் இந்தியாவை ஏற்றுக்கொண்ட பிறகு, 2023 ஏப்ரலில் புதிய சம்பள ஒப்பந்தம் வந்தது. அதில் கையெழுத்திட வேண்டாம் என்று அங்கிருந்த இரண்டு பழைய விமானிகள் சங்கங்களும் தம் அங்கத்தினர்களைக் கேட்டுக்கொண்டபோதும் இந்த வாதமே எழுந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் திறமை சார்ந்த வேலை, தொழில்நுட்ப வேலை, இயக்கும் வேலை செய்பவர்களைத் தொழிலாளிகள் என்றே சொன்னது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை விலக்கியது. மேற்பார்வையாளர்களுக்கு மட்டும் சம்பள உச்சவரம்பு விதித்தது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21ந் தேதி அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் இதே அமைப்பைக் கொண்டது. மேற்பார்வையாளருக்கான வரம்பு மாதம் 18,000 ரூபாய். இதிலிருந்து தெரிவது என்ன? சம்பளம் பெரிதென்பதனாலேயே ஒருவர் தொழிலாளி அல்லாதவராகிவிட மாட்டார். அவர் செய்யும் வேலையின் தன்மையைத்தான் பார்க்க வேண்டும். விமானி யாரையும் வேலைக்கு எடுப்பதில்லை, நீக்குவதில்லை, லீவு கொடுப்பதில்லை. அட்டவணை போடுவதும் அவர் அல்ல. அவர் செய்வது விமானத்தை ஓட்டுவது.

சங்கம் பதிவு செய்ய இந்தச் சர்ச்சைகூடத் தடையல்ல. சங்கப் பதிவுக்கென்று புதிய சட்டம் தொழிலில் வேலை செய்யும் எல்லோரையுமே தொழிலாளர் என்று கொள்கிறது. ஒரே சங்கம் இருந்தால் அதனோடு பேச வேண்டும். பல இருந்தால், 51 சதவீதம் பேரின் ஆதரவு பெற்றதே பேச்சுவார்த்தைச் சங்கம்.

சங்கத்தின் பிழைகளும் உண்டு

விமானிகள் சங்கம் என்றாலே நன்மைதான் என்று சொல்லிவிடவும் முடியாது. 1953இல் எட்டுத் தனியார் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் அமைந்தது. வெளிநாட்டுச் சேவைக்கு ஏர் இந்தியா தனியாக நின்றது. இரண்டிலும் விமானிகளுக்கு வெவ்வேறு சங்கங்கள், வெவ்வேறு சம்பளம். 2007இல் இரண்டு கம்பெனிகளும் இணைந்தபின் சங்கங்கள் இணையவில்லை. சமச் சம்பளம் கேட்டு 2011இல் ஒரு சங்கம் 10 நாள் வேலைநிறுத்தம் செய்தது. நிர்வாகம் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது. புதிய போயிங் 787 விமானத்தில் பயிற்சி யாருக்கு என்ற சச்சரவில் 2012இல் இன்னொரு சங்கம் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தது. 101 விமானிகள் நீக்கப்பட்டார்கள். கம்பெனிக்குப் பெருநஷ்டம், பிரயாணிகளுக்குப் பெருந்தொல்லை. சங்கத்தோடு சங்கம் மோதியதால் விமானிகளுக்குக் கிடைத்த லாபம் என்ன?

சங்கம் இல்லாத இடத்தில் மட்டும் அமைதி நிலவியதா? அதுவும் இல்லை. 2009இல் ஜெட் விமானிகள் சங்கம் பதிவு செய்தார்கள். முன்நின்றவர்களைக் கம்பெனி நீக்கியது. நூற்றுக்கணக்கானோர் செப்டம்பரில் ஐந்து நாள் 'உடம்பு சரியில்லை' என்று வீட்டிலிருந்தார்கள். நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுத்த பிறகே ராஜி ஏற்பட்டது. 2024இல் விஸ்தாரா புதிய ஒப்பந்தத்தில் கட்டாயச் சம்பளத்துக்குரிய நேரத்தை 70 மணியிலிருந்து 40 மணியாகக் குறைத்தது. அதாவது நிச்சயமான பகுதியில் ஏழில் மூன்று பங்கு நிச்சயமற்றதாகிவிட்டது. உடனே அங்கும் பலருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. கம்பெனி தினமும் 25 முதல் 30 விமானங்களைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது.

வெளிப்படையாகப் பேச வாசல் இல்லாதபோது வியாதி என்ற பொய் வாசலாகிறது. இனி அந்த வாசலும் எளிதல்ல. ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒன்று கூடித் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே என்று புதிய சட்டம் சொல்கிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போது வேலைநிறுத்தம் கூடாது. ஆகவே பேசத் தெரிந்த, கணக்குத் தெரிந்த, பதிவு பெற்ற ஒரு சங்கம் முன்பைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது.

தூக்கம் என்ற பிரச்சினை

இதுவரை சொன்னது விமானியின் நலம். பிரயாணியின் நலம் எங்கே? அது தூக்கத்தில் இருக்கிறது.

2009 பிப்ரவரி 12ந் தேதி அமெரிக்காவில் பப்பலோ நகருக்கருகே கோல்கன் என்ற பிராந்தியக் கம்பெனியின் சிறிய விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் கீழே ஒருவரும் மாண்டார்கள். வேகம் குறைந்துவிட்டதென்ற எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்ததற்கு நேர்மாறாகச் செய்திருக்க வேண்டும் என்று விசாரணை கண்டது. விமானிகளின் களைப்பும் அவர்கள் திறனைக் குறைத்திருக்கக்கூடும் என்று குறிப்பிட்டது. துணை விமானி முந்தின இரவு முழுவதும் சியாட்டிலிலிருந்து நாட்டின் குறுக்கே பிரயாணம் செய்து வேலைக்கு வந்தவர்; அவருடைய ஆண்டுச் சம்பளம் 25,000 டாலரைத் தொடவில்லை. இது வெளிவந்தபின் அந்த நாட்டில் அனுபவ மணிக்கும் ஓய்வுக்கும் புதிய விதிகள் வந்தன. விமானிப் பற்றாக்குறை தலைகாட்டிய 2022இல் பிராந்தியக் கம்பெனிகள் பல சம்பளத்தைப் பெரிதும் உயர்த்தின. பற்றாக்குறை தந்ததைப் பற்றாக்குறை தீர்ந்ததும் சந்தையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் எழுதியதை அப்படி எடுக்க முடியாது. 1931இல் தோன்றிய அமெரிக்க விமானிகள் சங்கத்தின் பலம் அந்த ஒப்பந்தங்களில்தான் இருக்கிறது.

நம் நாட்டிலும் ஓய்வு விதிகள் 2024 ஜனவரியில் திருத்தப்பட்டன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாயிற்று. இரவு என்பது காலை 5 மணி வரையல்ல, 6 மணி வரை என்றாயிற்று. இரவில் இறங்கும் தடவை ஆறிலிருந்து இரண்டாயிற்று. கம்பெனிகள் அவகாசம் கேட்டதால் அமல் தள்ளிப்போயிற்று. விமானிகள் சங்கங்கள் டில்லி ஹைகோர்ட்டை அணுகியபின், 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக விதிகள் அமலுக்கு வந்தன.

அடுத்த மாதமே இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. புது விதிக்கேற்ற அளவு விமானிகளை முன்கூட்டித் தயார் செய்யாததே காரணம் என்று விமானிகள் சங்கங்கள் குறை கூறின. முடிவில், சில இரவு விதிகளிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை சர்க்கார் விலக்குக் கொடுத்தது. விமானியின் தூக்கத்தைக் காக்க எழுதிய விதி, கூட்டம் தாங்காதபோது முதலில் விட்டுக்கொடுக்கப்பட்டது.

விதி புத்தகத்தில் இருந்தால் போதாது என்பதை இது காட்டுகிறது. 'களைப்பாக இருக்கிறது, இன்று பறக்க மாட்டேன்' என்று சொல்லும் உரிமை விமானிக்கு ஏட்டளவில் உண்டு. ஆனால் பறக்கும் மணிக்கே சம்பளம் என்றால், அப்படிச் சொல்கிறவருக்கு அன்றைய பணம் போகிறது. கடன் தவணை நிற்கும் இளம் துணை விமானி இரண்டு முறை யோசிப்பார். தனியாகச் சொன்னால் பெயர் கெடும் என்று மூன்றாம் முறையும் யோசிப்பார். பின்னால் 70 பேர் அமர்ந்திருக்கும்போது விமானி இப்படி யோசிக்க வேண்டிய நிலை யாருக்கும் நல்லதல்ல.

எப்படிப்பட்ட சங்கம்?

ஆகவே சங்கம் வேண்டும். ஆனால் எதைக் கேட்கும் சங்கம் என்பதுதான் முக்கியம். உள்ள சம்பளத்தின்மேல் இன்னும் இவ்வளவு என்று மட்டும் கேட்குமானால், பெருங்குடி வரப்பில் நிற்பவரின் அனுதாபம் அதற்குக் கிடைக்காது. கிடைக்க வேண்டியதும் இல்லை. அது கேட்க வேண்டியவை வேறு. கட்டாயச் சம்பளத்துக்குரிய மணி ஒருதலைப்பட்சமாகக் குறையக்கூடாது. தரையில் கழியும் வேலை நேரமும், நடைகளின் எண்ணிக்கையும் கணக்கில் சேர வேண்டும். களைப்பென்று சொல்லி ஒதுங்குபவருக்குப் பண நஷ்டமோ பழிவாங்கலோ கூடாது. சம்பளம் பாக்கி விழுந்தால் இத்தனாவது நாள் சர்க்கார் தலையிட வேண்டும் என்ற ஷரத்து வேண்டும்.

கேப்டன்களுக்கு ஒன்று, துணை விமானிகளுக்கு ஒன்று, பெரிய விமானத்துக்கு ஒன்று, சிறிய விமானத்துக்கு ஒன்று என்று சங்கம் பிளவுபட்டால் 2012இன் கதையே திரும்பும். நிர்வாகமே அமைத்துக் கொடுக்கும் ஆலோசனைக் குழு போதும் என்பாரும் உண்டு. ஆலோசனை சொல்ல அது உதவும்; ஆனால் கம்பெனி மறுக்கும்போது அதற்குச் சட்டத்தின் துணை இருக்காது.

கம்பெனிகளுக்கும் இதில் நஷ்டமில்லை. எரிபொருள் விலை, டாலர் மதிப்பு, விமான வாடகை என்று அவர்களுடைய கஷ்டங்கள் மெய்யானவை. கவிழ்ந்த கம்பெனிகளின் வரிசையே அதற்குச் சாட்சி. ஆனால் பேசி எழுதிய ஒப்பந்தம் இருந்தால், திடீரென்று நூறு பேருக்கு ஒரே நாளில் ஜுரம் வராது. எத்தனை விமானி, எத்தனை ஓய்வு என்று முன்கூட்டியே கணக்கிட்டால், டிசம்பரில் நடந்ததுபோல் பிரயாணிகள் பெட்டி படுக்கையோடு விமான நிலையத்தில் தவிக்க நேராது.

மதுரை விமான நிலையம் 2024 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இயங்கத் தொடங்கியது. ஊருக்கு அது பெருமை. மல்லிகைப் பூவுக்கும் வளைகுடா நாடுகளில் உழைப்பவர்களுக்கும் அது வசதி. ஆனால் இரவிலும் இறங்கும் ஊரில், இறக்குகிறவர் கண் விழித்திருக்க வேண்டும். அந்தக் கண்ணுக்கு உரிய தூக்கத்தை யார் கேட்டு வாங்கித் தருவது? கம்பெனி தானாகத் தந்ததில்லை. சர்க்கார் தந்ததைத் தள்ளிவைத்தது. விமானிகள்தாம் கேட்க வேண்டும். ஒருவராக அல்ல, ஒன்று சேர்ந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதில் பிரயாணிகளின் உயிரும் அடங்கியிருக்கிறது என்பதைப் பிரயாணிகளும் உணர வேண்டும்.